கட்டிய நாயும் கட்டாக்காலி நாயும்

வைகறையில் வயல் வட்டைக்குப் புறப்படும் உழவனின் பின்னால் அவனுடைய நாயும் ஓடுகிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை ஆகிய எவ்வூரிலும் காணக்கூடிய காட்சி இது. இறைச்சிக்கடைச் சந்தியை அண்டியதும் ஏழெட்டுக் கட்டாக்காலி நாய்கள் அதன்மேற் பாய்கின்றன. அவன் கல்லெடுக்குமுன் அது குதறப்பட்டுவிடுகிறது. பின்னர் அவன் வாயில் எழும் கேள்வி ஒன்றே: இந்த நாய்களைச் சபை ஏன் கொன்றொழிக்கவில்லை?

அவனது ஆத்திரம் நியாயமானதே. வாடியிற் காவலிருக்கும் போடியாருக்கும் கூலியாளுக்கும் நாய் ஆடம்பரப் பொருளன்று. பன்றி வரப்பேறினாலும், யானை தூரத்தே நின்றாலும், முதலில் அறிவது அதுவே. நாயின் எச்சிலை அசுத்தமெனக் கொள்ளும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர்கள் இவை. எனினும் பயிர் காக்கவும், மந்தை காக்கவும், வேட்டைக்கும் நாய் வைத்திருப்பதற்கு ஹதீஸிலேயே விதிவிலக்கு உண்டென்பதை ஆலிம்கள் அறிவர்.

ஆனால் கொல்வது பரிகாரமாகுமா? 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் தொட்டு இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெரு நாய்கள் அழிக்கப்பட்டன. தெருக்களில் நாய் ஒழிந்ததா? ஒரு கூட்டத்தை அகற்றினால், அது தின்ற குப்பை அங்கேயே கிடக்க, அடுத்த கூட்டம் வந்து குடியேறுகிறது. தடுப்பூசி ஏற்றிய நாயும் அத்துடன் சாகிறது. ஏற்றாத நாய் அதனிடத்தைப் பிடிக்கிறது. 2006இல் அரசு கொலையை நிறுத்தி, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் திரும்பியது. 1973இல் 377 உயிர்களைக் குடித்த விசர்நாய்க்கடி, அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது உயிர்களோடு நிற்கிறது. நாய்களுக்குப் பரவலாக ஏற்றிய தடுப்பூசியும், கடியுண்டோர் தாமதியாது ஆசுபத்திரியை நாடியதுமே இதற்குத் தலையாய காரணங்கள்.

அந்தக் கட்டாக்காலிகள் எங்கிருந்து வந்தன? பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையடியில் இரவோடிரவாக விட்டுச் செல்வோர் வெளியூரார் அல்லர். மீன் கழிவையும் ஆட்டுக் குடலையும் வீதியோரம் வீசுவோரும் நாமே. குப்பை நாயை மட்டும் அழைப்பதில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் மாண்ட கதையை உலகப் பத்திரிகைகள் 2022இல் எழுதின. பிரதேச செயலக எல்லை எதுவென்று தமிழரும் முஸ்லிம்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடும் கல்முனையில், பாண்டிருப்பு நாய்க்கும் மருதமுனை நாய்க்கும் அவ்வெல்லை தெரியாது. இவ்விடயத்திலாவது இரு சாராரும் ஒரே மேசையில் அமரக் கூடாதா?

நாய் வளர்ப்போருக்கும் ஒன்று சொல்வோம். அவிழ்த்துவிட்ட நாய் அயல் நாய்களின் எல்லைக்குட் புகுந்தால் அவை பாயத்தான் செய்யும். அது அஞ்சி ஓடினால் துரத்தல் இன்னும் மூர்க்கமாகும். சந்தையடியைக் கடக்கும்வரையேனும் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள். சண்டை மூண்டால் நடுவே கையை நுழைக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை வீசுவது மேல். நாயின் பற்காயம் வெளியே கடுகளவு, உள்ளே விரலளவு. மயிர் அதனை மறைக்கும். இரண்டு மூன்று நாளிற் சீழ் கட்டும். அதன்மேல் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிவிட்டுக் காத்திருப்பது வைத்தியமன்று. கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து, சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். முன்னர் தடுப்பூசி ஏற்றிய நாயாயினும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். காயத்தைத் தொட்ட கையிற் கீறலிருந்தால் அந்தக் கைக்குரியவரும் ஆசுபத்திரிக்குச் செல்லட்டும். கடித்த நாய் விசர் பிடித்ததா என்பதை யார் கண்டார்? நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற மருந்தில்லை. வாடியிலிருந்து வீடு திரும்பும் அந்த நாயை முதலிற் கட்டியணைப்பது உழவனின் பிள்ளையே.

நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. 2030க்குள் நாய்வழி விசர்நோயால் ஒருவரும் இறவாதிருத்தல் அதன் இலக்கு. இங்கே அந்த எழுபதை எட்டத் தடையாக நிற்பது எளிய காரணமொன்று. ஊசி ஏற்ற அலுவலர் பகலில் ஊருக்குள் வருகிறார். காவல் நாயோ அப்பொழுது வட்டையிற் கிடக்கிறது. தெரு நாயோடு நாளும் மோதும் நாய் அதுவே, தப்பிப்போவதும் அதுவே.

ஆகவே சுகாதாரப் பகுதியினரிடமும் மாநகர சபையிடமும் நாம் கேட்பது இரண்டு. சந்தைக் கழிவு பொழுது சாயுமுன் அகற்றப்படட்டும். பெரும்போக அறுவடைக்கு முன் ஒருநாள், வட்டை விதானைமார் மூலம் முன்னறிவித்து, தடுப்பூசிப் பெட்டி வாய்க்காற்கரைக்கே செல்லட்டும்.