மூடித் திறந்தால் செத்துப்போகும் மடிக்கணினி

போன கிழமை ரெயினில வரேக்க, அம்மா ஃபோனில சொன்ன ஊர்க்கதை ஒண்டை இரண்டு பக்கம் தட்டி வைச்சிருந்தன். இறங்கிற இடம் வந்திட்டுது. சேமிக்காமல் அப்படியே மூடிக்கொண்டு இறங்கிட்டன். வீட்டை வந்து திறந்தால் திரை கறுப்பு, விசிறி மட்டும் சுத்துது. பவர் பட்டனை அமத்திப் பிடிக்கிறதைத் தவிர வேற வழியில்லை. இரண்டு பக்கமும் போச்சு. அம்மாட்டைத் திருப்பிக் கேட்டன், சொன்னா. ஆனா இந்தமுறை வேற மாதிரிச் சொன்னா.

லினக்ஸ் பாவிக்கிறன் எண்டு தெரிஞ்ச ஆக்களிட்டை இரண்டே வைத்தியம்தான் இருக்கு. விண்டோசுக்குத் திரும்பு, இல்லாட்டி அழிச்சுப்போட்டுத் திருப்பி நிறுவு. திருப்பி நிறுவினால் அதே கேர்னலும் அதே ட்ரைவரும்தானே வந்து குந்தப்போகுது?

நான் முதல்ல பயோசிலதான் பழியைப் போட்டன். காரணம் இருக்கு. மின்சாரத்தை நிர்வகிக்க 1996இல வந்த ஏசிபிஐ நியமத்தின்படி, பயோஸ் இயங்குதளத்தைப் பாத்து "நீ விண்டோசோ?" எண்டு கேக்கலாம். லினக்ஸ் கேர்னல் "ஓம்" எண்டுதான் சொல்லும். உண்மையைச் சொன்னால், தயாரிப்பாளர் சோதிச்சே பாராத வழியில பயோஸ் இழுத்துக்கொண்டு போயிடும். (வேற பேரில எல்லை கடந்த எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

ஆனால் சந்தேகம் வேற, சோதனை வேற. முந்தின தடவை இயங்கினதின்ர பதிவைப் பாத்தன். கடைசி வரி, நித்திரைக்குப் போறன் எண்டது. அதோட சரி. கேர்னலுக்குள்ள பிஎம் டெஸ்ட் எண்டொரு வசதி இருக்கு. நித்திரையைப் படிப்படியாய்ச் சோதிக்கும். சொன்ன படிவரைக்கும் போய் 5 செக்கன் நிண்டு திரும்பி வரும். முதல் படி ஃப்ரீசர், புரோகிராம்களை உறைய வைக்கிறது. அது சரி. இரண்டாவது டிவைசஸ். அங்கை விழுந்து செத்தது. பயோசிட்டைப் பொறுப்பைக் குடுக்கிற கட்டத்துக்கே போகேல்லை! பாவம், அதைச் சும்மா திட்டியிருக்கிறன்.

பிறகு ட்ரைவர்களில பாதியைக் கழட்டிச் சோதனை, மிச்சத்தில பாதி, அதிலயும் பாதி. இரவு இரண்டு மணிக்குப் பிடிபட்டது மெமரிக் கார்ட் வாசிக்கிற ட்ரைவர். அந்தத் துவாரத்தை நான் ஒருநாளும் பாவிச்சதில்லை. நித்திரைக்கு முன்னம் அதைக் கழட்டவும் எழும்பினாப்பிறகு பூட்டவும் நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டன். இப்ப சுகம்.

இவ்வளவு நல்ல சோதனையை ஏன் கறுப்புத் திரையில ரூட் கட்டளையாய் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்? டெஸ்க்டொப்பில ஒரு பட்டன் வைச்சால் கனபேர் திருப்பி நிறுவாமல் தப்புவினம். எல்லாரும் இரவு இரண்டு மணிவரைக்கும் முழிச்சிருக்க ஏலுமே? வழுவறிக்கையோட இதையும் எழுதி அனுப்பியிருக்கிறன்.

அம்மாவின்ர கதையை இப்ப இரண்டாம் தரம் தட்டிக்கொண்டிருக்கிறன். பந்திக்கொருக்கால் கொன்ரோல் எஸ்.