சிப்பி வாங்கும் முன் ஒரு கேள்வி

இராமேஸ்வரம், கன்னியாகுமரி சென்று திரும்புவோர் சிப்பிமாலை, சோழி ஒட்டிய கண்ணாடி, பெயர் பொறித்த சங்கு ஆகியவற்றை வாங்கி வருகின்றனர். மலையடிவாரமாகிய ஆயக்குடியில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. ஆகவே அப்பொருள்கள் மீது நமக்குத் தனி ஆசை. கடற்கரையில் பல குடும்பங்கள் இக்கைத்தொழிலால் பிழைக்கின்றன. அவர்களை நாம் குறை கூறவில்லை.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கரையில் ஒதுங்கும் ஓடுகள் வெயிலிலும் அலையிலும் நிறம் மங்கிவிடும். கடைகளில் பளபளக்கும் பெரிய சங்குகள் பெரும்பாலும் உயிருடன் பிடிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்களும், கடற்குதிரையும், சிலவகை அரிய சங்குகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. பவளத்தைப் பிடுங்கி விற்பது குற்றம். மீன் குஞ்சுகளின் வீட்டைப் பிடுங்குவதும் ஆகும்.

அப்படியானால் எதையுமே வாங்கக் கூடாதா? அவ்வாறன்று. நம் ஊர்த் தோட்டங்களில் கொய்யாவைப் பறிக்கிறோம், மரத்தை வெட்டுவதில்லை. கடலுக்கும் அதே நியாயம் வேண்டும். "இது எப்படிக் கிடைத்தது?" என்று கடைக்காரரைக் கேட்போம். உணவுக்குப் பின் எஞ்சும் மட்டி ஓடுகளில் செய்தவற்றை விரும்பி வாங்குவோம். கைத்திறனுக்கு உரிய விலையைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம்.

நம் கைவேலை வகுப்பிலும் களிமண்ணாலும் பனையோலையாலும் மீனும் சங்கும் செய்து விற்கலாமே! கடலின் அழகு நம் வீட்டுக்கு வரட்டும்; கடலின் உயிர்கள் கடலிலேயே வாழட்டும்.