டிவி பதிவுப் பெட்டிக்கு எதுக்கு டெலிபோன்?

டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய எதுக்கு டெலிபோன் லைன்? சிரிக்காதீங்க. 1999-ல் அமெரிக்காவில் டிவோ பெட்டி வந்தபோது நிஜமாகவே இப்படித்தான். உள்ளே இருந்த மோடம் தினமும் போன் போட்டு, வரப்போகும் நாட்களின் நிகழ்ச்சி அட்டவணையை இறக்கிக்கொள்ளும். அட்டவணை இல்லாவிட்டால் எந்தத் தொடர் எப்போது வருகிறது என்று பெட்டிக்குத் தெரியாது.

செல்போன் மட்டும் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஒரு பெட்டிக்காக மாதாமாதம் லேண்ட்லைன் வாடகை கட்ட முடியுமா?

2002-ல் வந்த இரண்டாம் தலைமுறைப் பெட்டியை யுஎஸ்பி அடாப்டர் வைத்து பிராட்பேண்டில் இணைக்க முடிந்தது. 2006-ல் வந்த மூன்றாவதில் ஈதர்நெட் போர்ட்டே இருந்தது. பிரச்சினை தீர்ந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன் வயருக்குப் பதில் நெட் வயர், அவ்வளவுதான்.

பழைய விசிஆரில் நேரத்தையும் சேனலையும் நாமே வைத்தோம். அது யாரையும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் அடுத்தவர் சர்வரை நம்பி ஓடினால், அது பாதிதான் நம்முடையது. இணைப்பு போனாலும் கையால் நேரம் வைத்துப் பதிவு செய்ய வழி வேண்டும். வேறு என்னென்ன தேவை என்று அட்டைப்பெட்டி மேலேயே பெரிய எழுத்தில் போடட்டும். நான் கேட்பது நியாயம்தானே?