சாகும்வரை பாடு

ஒப்பிலக்கிய வகுப்பில் ஐரோப்பிய நாவல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு சொல் வந்து வழிமறிக்கிறது: விதி. கார்மென் ஏன் செத்தாள் என்று கேட்டால் விதி. மார்கரீத் ஏன் இருமி இருமிச் செத்தாள் என்றால் அதுவும் விதி. இந்தக் கதைகள் ஓபராக்களாகி மேடையேறிய பின் அந்தச் சொல்லுக்கு ஒரு முழு வாத்தியக் குழுவின் பலமும் சேர்ந்துகொண்டது. இசை அவ்வளவு அழகாக இருக்கும்போது கொலையைப் பற்றிக் கேட்பது ரசனையற்றவர்களின் வேலை என்று ஆகிவிட்டது. அந்த ரசனையற்றவர்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன்.

விதி என்பது பொய். நாவலையும் அதிலிருந்து பிறந்த ஓபராவையும் அருகருகே வைத்து வாசித்தால் அந்தப் பொய் வெளுத்துவிடும். நாவல் மேடைக்குப் போகும்போது கணவர்கள் காணாமல் போகிறார்கள், அம்மாக்கள் அழிக்கப்படுகிறார்கள், ஊர் மாறுகிறது, நூற்றாண்டே மாறுகிறது. பெண்ணின் பிணம் மட்டும் இடம் மாறாமல் கிடக்கிறது. இத்தனையையும் மாற்றத் தெரிந்தவர்கள் அதை மட்டும் ஏன் மாற்றவில்லை?

கார்மெனிலிருந்து தொடங்குவோம். அகப்பாட்டு படித்தவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படும் கேள்வி, கூற்று யாருடையது என்பது. அதையே புரோஸ்பெர் மெரிமேயின் 1845ஆம் ஆண்டுக் கதையிடம் கேட்டுப் பாருங்கள். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஹொசே சிறையில் ஒரு பிரெஞ்சு அறிஞரிடம் சொல்கிறான். அந்த அறிஞர் நமக்குச் சொல்கிறார். கார்மென் பொய்க்காரி, திருடி, மயக்குபவள் என்று நாம் நம்புவதில் பெரும்பகுதி அவளைக் குத்திக் கொன்றவனின் வாக்குமூலம். மீதி அவளிடம் தன் கடிகாரத்தைப் பறிகொடுத்த அறிஞரின் கூற்று. இறந்தவளின் தரப்பு எங்கும் பதிவாகவில்லை. முடிவில் ஹொசே, பாவம் அவள், அவளை இப்படி வளர்த்த அவளுடைய இனத்தார்மீதுதான் குற்றம் என்கிறான். கார்மென் ரோமா இனப் பெண். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெண்ணைக் கொன்றவன், பழியையும் அந்தச் சமூகத்தின் தலையிலேயே கட்டுகிறான். மெரிமே பின்னர் சேர்த்த இறுதி அத்தியாயம் ரோமா மக்களைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்பாக நீள்கிறது. ஒரு கொலை இனவரைவியலாகி முடிகிறது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1875 மார்ச் 3 அன்று, பிஸேயின் ஓபரா பாரிஸில் ஒபெரா கொமிக் அரங்கில் மேடையேறியது. எழுத்து மெய்யாக், ஹலேவி என்ற இருவருடையது. அவர்கள் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். மெரிமேயின் ஹொசே ஒரு ராணுவ அதிகாரியைக் கொன்றவன். கார்மெனின் கணவன் கார்சியாவையும் கொன்றவன். ஓபராவில் அதிகாரி பிழைத்துக்கொள்கிறார், கணவனே இல்லை. மேடையில் ஹொசே செய்யும் ஒரே கொலை கார்மெனுடையது. கொலைகாரனைக் கழுவித் துடைத்துக் காதலனாக நிறுத்தியாயிற்று. அவனுக்குத் துணையாக மெரிமேயிடம் இல்லாத ஒருத்தியையும் படைத்தார்கள்: மிக்கயேலா. அம்மாவின் கடிதத்தையும் முத்தத்தையும் சுமந்து வரும் அடக்கமான கிராமத்துப் பெண். கற்புக்கரசி ஒருத்தி எதிரில் நின்றால்தானே மற்றவளின் சாவு நியாயமாகத் தெரியும்?

இதிலே கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. அரங்கின் இயக்குநர்களில் ஒருவரான தெ லெவென், கார்மென் மேடையில் சாக வேண்டாமென்று கெஞ்சியதாக ஹலேவி பின்னாளில் எழுதினார். இரக்கத்தால் அல்ல. அது குடும்பங்கள் கூடும் அரங்கு. பெண் பார்க்கும் படலங்கள்கூட அங்கே நடந்தன. சம்பந்தம் பேச வந்த இடத்தில் பிணம் விழுந்தால் நன்றாக இருக்காது. ஆக, அவள் சாகாத ஒரு முடிவு பேச்சில் இருந்தது. பேசிப் பார்த்து ஒதுக்கப்பட்ட ஒன்று எப்படி விதியாகும்? அது தேர்வு.

அடுத்து, உண்மையிலேயே வாழ்ந்து செத்த ஒரு பெண். அல்ஃபோன்சின் பிளெஸ்ஸி என்ற பெயரில் பிறந்து, மரி துப்ளெஸ்ஸியாகப் பாரிஸில் பணக்கார ஆண்களின் பணத்தில் வாழ்ந்து, 1847இல் காசநோயால் இறந்தபோது வயது 23. அவளுடைய முன்னாள் காதலர்களில் ஒருவரான இளைய அலெக்சாந்தர் துமா, அடுத்த ஆண்டே அவளை மார்கரீத் ஆக்கி நாவலை வெளியிட்டார். அந்த நாவல் அவளுடைய பொருள்களின் ஏலத்தில் தொடங்குகிறது. பிறகு காதலன் ஆர்மான் அவள் புதைகுழியைத் தோண்டி உடலை எடுத்துப் பார்க்கிறான். இதைவிட நேர்மையான படிமத்தை அந்த நாவல் தன்னைப் பற்றியே தந்திருக்க முடியாது.

1853இல் வெர்டி அவளை வியோலெத்தா ஆக்கினார். ஓபராவின் பெயர் 'லா திராவியாத்தா': வழிதவறியவள். காசு கொடுத்தவர்கள் யாரும் வழிதவறவில்லை போலும். வெனிஸ் மேடையில் கதை நிகழ்காலத்தில் நடக்கக் கூடாதென்று சொல்லி, 1700ஐ ஒட்டிய காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பார்க்க வந்த கனவான்கள் கண்ணாடி பார்த்துவிடக் கூடாதல்லவா! அதைவிட முக்கியமான மாற்றம் இறுதிக் காட்சியில் இருக்கிறது. நாவலில் மார்கரீத் சாகும்போது ஆர்மான் அருகில் இல்லை. அவள் எழுதிவைத்த பக்கங்கள்தான் பின்னால் அவனை வந்தடைகின்றன. ஓபராவில் காதலனும் வருகிறான், தன் மகளின் திருமணத்துக்காக அவளை விலகச் சொன்ன அவனுடைய அப்பாவும் வருகிறார். இருவரும் வருந்துகிறார்கள், இருவரையும் அவள் மன்னிக்கிறாள். சாகிறவளுக்கும் ஒரு வீட்டு வேலை மிச்சம் இருந்திருக்கிறது.

ஓபரா பெண்ணுக்குக் குரல் கொடுத்ததே என்று கேட்பவர்கள் உண்டு. கேதரின் கிளெமான் 1979இல் ஓபராவைப் பெண்களின் தோல்வியாக வாசித்துப் புத்தகம் எழுதியபோதும் இப்படித்தான் பதில் வந்தது: கதையில் அவள் சாகலாம், குரலில் அவளே வெல்கிறாள். இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். வால்டர் ஸ்காட்டின் 1819ஆம் ஆண்டு நாவலில், கட்டாயத் திருமணத்தின் இரவில் மாப்பிள்ளையைக் குத்திவிட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் லூசி, ஒற்றை வரிதான் பேசுகிறாள். 1835இல் தொனிசெத்தி அவளை லூச்சியாவாக்கி, அரங்கமே மூச்சடங்கிக் கேட்கும் ஒரு நெடுங்காட்சியைத் தந்தார். அந்தக் குரலை முதலில் பாடிய ஃபான்னி பெர்சியானியும், கார்மெனாக நின்ற செலெஸ்தீன் கல்லி-மரியேயும் உழைத்துப் பெற்ற வெற்றி பொய்யல்ல. ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். பைத்தியம் பிடித்தால் பாடலாம். சாகக் கிடந்தால் பாடலாம். புத்தி தெளிவாக, காலூன்றி நின்று, எனக்கு இந்தத் திருமணம் வேண்டாம் என்று பாடி உயிரோடு வெளியேற அனுமதி இல்லை.

பெண் பிணமில்லாமல் துயரக் கலை இல்லை என்பார்கள். சரி, புஷ்கினின் தாத்யானா? தானாகக் காதல் கடிதம் எழுதியவள், பின்னாளில் தன் காலடிக்கு வந்த ஒனேகினிடம் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். 1879இல் மேடையேறிய சைக்கோவ்ஸ்கியின் ஓபராவும் அங்கேயே, ஆணின் தனிமையில் முடிகிறது. துயரம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் தாத்யானாவுக்கு உயிர்ப்பிச்சை எதற்காகக் கிடைத்தது? மணந்தவனுக்கு உண்மையாக இருப்பேன் என்றதால். மிக்கயேலா பிழைக்கிறாள், தாத்யானா பிழைக்கிறாள். யார் பிழைக்கலாம் என்ற பட்டியல் நமக்குப் புதிதில்லை.

2018 ஜனவரியில் ஃபுளோரன்ஸ் நகரில் லியோ முஸ்காத்தோ இயக்கிய கார்மெனில், அவள் ஹொசேயின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டாள். ஒரு பெண் கொல்லப்படுவதற்கு அரங்கம் கைதட்டக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். செவ்வியல் படைப்பில் கை வைப்பதா என்று கூச்சல் எழுந்தது. கொலையாளியைத் திருப்பிப் போடுவதால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் கூச்சலிட்டவர்களிடம் ஒன்று கேட்கலாம். மெரிமேயின் கதையில் பிஸேயின் ஆட்கள் கை வைத்தபோது புனிதம் எங்கே போயிருந்தது? ஹொசேயின் கொலைகளைக் குறைத்தது கலை, கார்மெனின் சாவைத் தடுத்தது அத்துமீறலா?

இந்த நாவல்களைப் படிக்க வேண்டாம், இந்த இசையைக் கேட்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படியுங்கள், கேளுங்கள், குரல்களில் கரையுங்கள். பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றவளைக் கத்தியோடு பின்தொடர்ந்து குத்துவதற்குப் பெயர் காதலின் உச்சமல்ல, கொலை. 'ஒருதலைக் காதலால் விபரீதம்' என்று எழுதும் நம் நாளிதழ்கள் அந்தக் கொலைக்கு வைக்கும் பெயரும், விதி என்று அந்த அரங்குகள் வைத்த பெயரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டிலும் கொன்றவன் துயர நாயகன் ஆகிறான், செத்தவள் அவனுக்கு நேர்ந்த துன்பம் ஆகிறாள். மாணவியரே, எந்தக் காவியத்தைத் திறந்தாலும், எந்தச் செய்தியை வாசித்தாலும் முதலில் கேளுங்கள்: கூற்று யாருடையது?