கடன் சரக்குக்கு விசாரணை உண்டு, எம்.எல்.ஏ.வுக்கு இல்லையா?

புதிதாக ஒரு மளிகைக்காரர் நம் மண்டிக்கு வந்து பத்து மூட்டை துவரம் பருப்பு கடனாகக் கேட்டால் என்ன செய்கிறோம்? எந்த ஊர், முன்பு யாரிடம் கொள்முதல் செய்தார், அங்கே பாக்கி நிற்கிறதா என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஐந்து வருடம் நமக்காகச் சட்டசபையில் உட்காரப் போகிறவரை மட்டும் விசாரிப்பதில்லை.

வழி இல்லாமலா? உச்ச நீதிமன்றம் 2002, 2003-ல் கொடுத்த தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியே ஆக வேண்டும். படிவம் 26 என்று பெயர். தொழில், வருமானம் வரும் வழி, அரசுக்குக் கட்டாத பாக்கி எல்லாம் அதில் உண்டு. நான் முதலில் பார்ப்பது தொழில் என்ற வரியைத்தான். சிலர் 'சமூக சேவை' என்று எழுதுகிறார்கள். அதில் சொத்து சேரும் வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்தால் மண்டியை மகனிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பிவிடுவேன்!

இனி, செலவுக்குப் பணம் கொடுத்தவர் யார்? நம் மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022-ல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவு இதில் சேராது. முடிவு வந்த 30 நாளில் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குத் தர வேண்டும். கட்சி கொடுத்தது, மற்றவர் கொடுத்தது என்று வரவும் அதில் இருக்க வேண்டும். ஒரு ரூபாய் கட்டணத்தில் யாரும் அதைப் பார்வையிடலாம் என்று தேர்தல் நடத்தை விதிகளின் 88-வது விதி சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நானும் பார்த்ததில்லை. ஒரு தேர்தலில் நன்கொடைக்கு வந்தவர்களிடம் ரசீது கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு அண்ணாச்சி ரசீது?" என்றார்கள். கொடுத்துவிட்டேன். என் பேரேட்டில் சில்லறைச் செலவு என்று எழுதினேன். பிறகு கடைவீதிச் சாக்கடை விஷயமாகப் போனபோது அதே மனிதரின் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். நான் கொடுத்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை. தவறு என்னுடையதுதான்.

பெரிய இடத்துக் கதை வேறு. தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 15.2.2024 அன்று ரத்து செய்தது. அதன்பின் வெளிவந்த பட்டியலில் முதலிடம் கோவை லாட்டரி நிறுவனத்துக்கு, 1,368 கோடி ரூபாய். லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்ட நம் மாநிலத்தின் கட்சியும் அதில் வாங்கியிருக்கிறது. அவர்கள் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நன்கொடை காசோலையாக மட்டும், ரசீதோடு. நம் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரமும் செலவுக் கணக்கும் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அந்த ஒரு ரூபாயை நானே கட்டுகிறேன்.