காயாத மைக்கு எதற்கு இத்தனை கொண்டாட்டம்?

இரண்டு மாதமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை இன்று எழுதிவிடுகிறேன். விஷயம் ஒரு மைப்புட்டி. "எழுபத்தஞ்சு வயசுல மைக்காக யாராவது சண்டை போடுவாங்களா?" என்று வீட்டில் கேட்டாயிற்று. போடுவேன். முப்பத்து நான்கு வருஷம் புதுச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தாவாக மையைத் தொட்டுத்தான் சோறு தின்றிருக்கிறேன்.

புட்டியைக் கொடுத்தவர் என் மாப்பிள்ளை. கல்பாக்கத்தில் வேலை. அவர் இருக்கிற ஊருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் திருக்கழுக்குன்றத்தில் வந்து தங்கினோம். மனிதர் தங்கமானவர். ஒரே கெட்ட பழக்கம், பேனா. நாற்பதுக்குக் குறையாமல் வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு எனக்கு வேட்டி சட்டையோடு ஒரு மைப்புட்டியும் வந்தது. "மாமா, இந்தக் கலர் மாதிரி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க" என்றார்.

உண்மைதான், பார்த்ததில்லை. மயில் கழுத்து நீலம். காய்ந்தபின் (காய்ந்ததாக நாம் நினைத்துக்கொண்டபின்) தாளைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் ஓரமெல்லாம் செப்புப் பாத்திரம் போலச் சிவப்பாக மின்னும். தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த ரகத்தில் இன்று பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, என் சண்டை ஒரு கம்பெனியோடு இல்லை.

முதல் நாள் நான் மயங்கித்தான் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் எங்களுக்கென்று ஒரு நிறம் கிடையாது. பச்சை மை கெசட்டட் அதிகாரிகளுடையது. சிவப்பு, தப்புக் கண்டுபிடிக்கிறவர்களுடையது. மத்திய அரசின் நடைமுறைக் கையேட்டிலேயே பச்சையும் சிவப்பும் இணைச் செயலாளரும் அவருக்கு மேற்பட்டவர்களும்தான் பயன்படுத்தலாம், அதுவும் அபூர்வமாக என்று இருக்கிறது. குமாஸ்தாவுக்கு நீலக் கறுப்பு. அப்படிப்பட்டவன் கையில் மயில் கழுத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அன்று ராத்திரி பதினோரு மணி வரை என் பேரையும் மனைவி பேரையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வலது உள்ளங்கை நீலம். தலையணை உறை நீலம். வேட்டியில் மூன்று இடத்தில். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த மையில்தான் என் அப்பாவின் கடிதங்களைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன்.

அப்பா 1948 முதல் 1955 வரை சைகோனில் சுங்க இலாகாவில் எழுத்தர். அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் பிரெஞ்சு உத்தியோகத்துக்காக இந்தோசீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர் அம்மாவுக்கு எழுதிய முப்பத்தொரு கடிதங்கள் எங்களிடம் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பாவின் தங்கை, அப்போது பாவாடை தாவணி போட்ட பெண், உரக்க வாசித்துக் காட்டுவாள். ஒரு தடவை இல்லை, அம்மா கேட்கிறபோதெல்லாம்.

அந்த முப்பத்தொன்றில் பன்னிரண்டு கடிதங்கள் நீலக் கறுப்பு மையில் இருக்கின்றன. மணியார்டர் கணக்கு, நிலத்து விவகாரம், யாருக்கு எத்தனை ரூபாய் தர வேண்டும் என்கிற சமாசாரம். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து எழுதினார் போலிருக்கிறது. நேற்று எழுதியது போல அப்படியே நிற்கிறது. மீதி பத்தொன்பதும் ஊதா மை. அவர் தன் அறையில் உட்கார்ந்து எழுதியவை. நான் பிறந்த சேதி கிடைத்ததும் எழுதிய கடிதம் அதில் ஒன்று. அவை வெளிறி, சில இடங்களில் வெறும் தாள்தான்.

போன சித்திரையில் முத்தியால்பேட்டைக்குப் போய் அத்தையோடு நான்கு நாள் உட்கார்ந்தேன். தொண்ணூற்றொரு வயது. கண் தெரியாது. நான் தெரிகிற வரியைப் படிப்பேன், தெரியாத இடம் வந்ததும் நிறுத்துவேன், அத்தை அடுத்த வரியைச் சொல்வாள். எத்தனை தடவை வாசித்திருந்தால் எழுபது வருஷம் கழித்தும் நாக்கில் நிற்கும்! எல்லாவற்றையும் பென்சிலில் துண்டுத் தாள்களில் குறித்துக்கொண்டு வந்தேன். ஆவணியில் அத்தை போய்விட்டாள்.

ஐப்பசியில் அந்தக் குறிப்புகளை மயில் கழுத்து மையில் ஒரு நல்ல நோட்டில் அழகாகப் பிரதி எடுத்தேன். எழுதி முடித்ததும் பென்சில் துண்டுகளைக் கிழித்துப் போட்டேன். இது என் முட்டாள்தனம். யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகையில் அடைமழை. நோட்டு ஜன்னல் பக்கத்து அலமாரியில். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருக்கின்றன. சாரல் பட்ட பதினொரு பக்கத்தில் அதுவும் இல்லை. நீல வானம். நான் பதறிப்போய்த் துணியால் ஒற்றியதில் வானம் இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் வருத்தத்தோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்: "மை மேல தப்பில்ல மாமா, பேப்பர்தான்." எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

இது அவர் ஒருவருடைய வாதம் இல்லை, இந்த மைகளைக் கொண்டாடுகிறவர்கள் எல்லோரும் வரிசையாகச் சொல்வது. ஜப்பான் தாள் வாங்க வேண்டும். நிப்பு மெலிதாக இருக்க வேண்டும். கைக்கடியில் ஒரு காகிதம் வைக்க வேண்டும். காய நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் கிடையாது. எங்கள் ஊரில் மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும். இப்போது பல வருஷமாக வருவதில்லை. ஆனாலும் அண்ணாந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மை காயக் காத்திருப்பதும் அப்படித்தான்.

அந்தச் சிவப்பு மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். சாதாரண மையில் சாயம் அளவாக இருக்கும், தண்ணீரோடு சேர்ந்து தாளுக்குள் இறங்கிவிடும். இந்த மைகளில் சாயத்தை அளவுக்கு மேல் திணிக்கிறார்கள். தாள் குடித்தது போக மீதி மேலேயே பாலாடை போலப் படிந்து நிற்கிறது. அந்த ஏடுதான் மின்னுகிறது. ஆக, மினுமினுப்பு என்பதே உள்ளே இறங்காத சாயம்தான். அது தண்ணீரில் கரைகிற சாயம். விரலில் ஈரம் பட்டால் வரும், காற்றில் ஈரம் ஏறினால் இளகும். மாமல்லபுரத்துக் கடல் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே உப்பே ஜாடியில் கசிகிறது. இந்தச் சீமையில் விற்கிற மையை இந்தச் சீமைக் காற்றில் சோதித்துப் பார்க்க வேண்டாமா? தாளைக் குறை சொல்வது, ஒழுகுகிற குடையை விற்றுவிட்டு மழையைக் குறை சொல்கிற கதை.

அடர்ந்த நிறமே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. அமெரிக்காவில் நூட்லர்ஸ் என்ற பெயரில் நேதன் டார்டிஃப் என்பவர் மை தயாரிக்கிறார். அதில் 'பேஸ்டேட் ப்ளூ' என்று ஒரு நீலம், பேனாக்காரர்கள் மத்தியில் மிகவும் பிரசித்தம். கண்ணைப் பறிக்குமாம். பேனாவின் உள்பாகம், விரல், மேசை எல்லாவற்றிலும் கறை ஏற்றும், பிளீச்சிங் தண்ணீர் விட்டுத்தான் எடுக்க வேண்டும், வேறு மையோடு கலக்கவே கூடாது. இது அதை வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் தொட்டதில்லை. ஆனால் தெரிந்தே வாங்குகிறார்கள், அதற்கென்று ஒரு பேனாவை ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. முரட்டு மாடு என்று சொல்லி விற்றால் வாங்குகிறவன் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். என் புட்டியின் அட்டைப்பெட்டியில் நிறத்துக்கு ஒரு கவிதைப் பெயர் இருந்தது, படம் இருந்தது. காயாது என்று இல்லை. தண்ணீர் பட்டால் போய்விடும் என்றும் இல்லை.

ஒரு காலத்தில் சொல்லித்தான் விற்றார்கள். பார்க்கரின் குயிங்க் புட்டியில் 'பெர்மனென்ட்' என்றோ 'வாஷபிள்' என்றோ போட்டிருக்கும். பிள்ளை சட்டையில் கொட்டிக்கொள்வான் என்றால் இரண்டாவது, பத்திரத்தில் எழுத வேண்டும் என்றால் முதலாவது. ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது. நம் நாட்டிலும் நீலக் கறுப்பு மைக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, ஐ.எஸ். 220.

அந்த நீலக் கறுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதில் இருப்பது இரும்பு உப்பும் துவர்ப்பும். வெள்ளைக்காரன் அதற்கு மாசிக்காயைப் போட்டான், நம்மவர்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் போட்டுக் காய்ச்சினார்கள். எழுதும்போது அது அவ்வளவாகக் கறுக்காது, அதனால்தான் கொஞ்சம் நீலச் சாயம் சேர்ப்பது. தாளில் இறங்கியபின் காற்றுப் பட்டுப்பட்டு உள்ளேயே கறுத்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. குற்றம் இல்லாத மை என்று சொல்ல மாட்டேன். புளிப்பு அதிகமானால் பல வருஷத்தில் தாளையே அரித்துவிடும், நிப்பைக் கழுவாமல் போட்டால் துருவேறும். ஆனால் எழுத்தை விட்டுக்கொடுக்காது.

இப்போது எனக்கு எதிராக நானே ஒரு சாட்சி சொல்ல வேண்டும். ஊதா மை. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அந்த நிறத்தைச் சொன்னாலே மூக்கில் ஒரு வாசனை வரும். மேசையில் ஒரு துளை, துளையில் பீங்கான் மைக்கூடு, கட்டைப் பேனாவில் சார்ஜான் மஜோர் நிப்பு, மைக்கூட்டில் ஊதா. பிரான்ஸில் 1965 வரை பள்ளிக்கூடத்தில் பந்துமுனைப் பேனாவை அனுமதிக்கவில்லை. எங்கள் மெசியேவும் அப்படித்தான். நோட்டில் மை சொட்டினால் அதற்கு 'பாத்தே' என்று பெயர், ஒரு பாத்தேவுக்கு ஒரு மார்க் போய்விடும். ஒற்றுத்தாளை உயிர் போலப் பிடித்துக்கொண்டு எழுதுவோம்.

1856இல் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் லண்டனில் கொயினா செய்யப் போய்க் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அந்த வழியில் பிறகு வந்த சாயங்களில் ஒன்றுதான் பள்ளிக்கூட ஊதா மை. வாய்ப்புண்ணுக்குக் கம்பவுண்டர் தடவுவாரே ஜென்ஷியன் வயலட், அதுவும் அதே குடும்பம். அந்தக் காலத்து மயில் கழுத்து அது. மலிவு, பளிச்சென்று இருக்கும், நிப்பையும் அரிக்காது. வெளிச்சம் பட்டால் ஓடிவிடும். என் அப்பா அதை விரும்பித்தான் வாங்கியிருப்பார். சைகோனில் ஒற்றை அறையில் இருந்த மனிதர், வீட்டுக்கு எழுதுகிற கடிதம் ஆபீஸ் நிறத்தில் இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் எழுபது வருஷம் கழித்து அதே காரியத்தைத்தான் செய்தேன். அவருக்காவது யாரும் சொல்ல வழியில்லை. எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சித்திரக்காரர்கள் வாங்குகிற வண்ணக் குழாயில் எந்த நிறம் வெயிலில் நிற்கும், எது நிற்காது என்று குறி போட்டிருக்கிறார்கள். மைப்புட்டியிலும் மூன்று வார்த்தை போடட்டும்: எவ்வளவு நேரத்தில் காயும், தண்ணீரில் நிற்குமா, வெயிலில் நிற்குமா. நிற்காது என்றால் நிற்காது என்று போடட்டும். பிறந்தநாள் வாழ்த்து எழுதுகிறவர் அப்போதும் வாங்குவார். 1934இல் தொடங்கிய சுலேகா கொல்கத்தாவில் இருக்கிறது, இன்னும் எத்தனையோ பேர் இந்த நாட்டில் மை காய்ச்சுகிறார்கள். முதலில் யார் போடுகிறார்களோ அவர்கள் புட்டியைத்தான் வாங்குவேன்.

மாப்பிள்ளையோடு சண்டை தீர்ந்துவிட்டது. "போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே மாமா" என்று போன வாரம் கேட்டார். எடுத்திருக்கலாம். எங்கள் மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் தூணில் பெயர் வெட்டுவது அயோக்கியத்தனம். ஆனால் போன வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தை பிறந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன், நீலக் கறுப்பில். நெருக்கியடித்து எழுதாமல் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம். தெரிகிற வரிகள் எல்லாம் வந்துவிட்டன. அத்தை சொன்னவற்றில் நினைவிருப்பதை எழுதி, நிச்சயமில்லாத இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். நான் பிறந்தபோது எழுதிய கடிதத்தில் நான்கு வரி சுத்தமாக நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்தை நான்கு வரி அகலத்துக்கு வெறுமையாக விட்டுவிட்டேன். மயில் கழுத்துப் புட்டியில் முக்கால் மை மீதி இருக்கிறது. பேத்தி கேட்டாள், படம் வரைய. கொடுத்துவிட்டேன், பழைய செய்தித்தாளை விரித்துக்கொள் என்று சொல்லி.