வளவுக்கு வரும் விருந்தாளிகளை எண்ணுவோம்

ஐப்பசியில் வாடை பிறந்ததும் வடதிசைப் பறவைகள் இலங்கைக்கு வரத் தொடங்குகின்றன. பங்குனி, சித்திரை வரை அவை இங்கே தங்குகின்றன. சைபீரியா போன்ற தூர வடநிலங்களிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளைக் காண மன்னாரின் வங்காலைக்குப் போக வேண்டும். ஆனால் எல்லா விருந்தாளிகளையும் தேடிப் போகவேண்டியதில்லை. மாலை நடையில் தந்திக் கம்பிகளை அண்ணாந்து பார்த்தால் தகைவிலான் குருவிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். வளவின் வேலியோரத்துச் சருகைக் கிளறும் ஆறுமணிக் குருவியோ இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு அது குரல் கொடுப்பதைக் கவனித்தே நம் முன்னோர் அந்தப் பெயரை வைத்தனர்.

பறவை பார்ப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எம்மவரிடையே உண்டு. அது தவறு என்பதே என் துணிபு.

பிரித்தானியாவைப் பாருங்கள். அங்குள்ள ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979இல் சிறுவர்களுக்காக ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஜனவரி இறுதியில் ஒரு மணி நேரம் தோட்டத்தைக் கவனித்து, வந்த பறவைகளைக் குறித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இன்று பல இலட்சம் பேர் அதில் பங்குகொள்கின்றனர். அந்தப் பட்டியலில் தொடர்ந்து முதலிடம் பெறுவது சிட்டுக்குருவி. ஆயினும் ஒரு தோட்டத்தில் காணப்படும் அதன் சராசரி எண்ணிக்கை 1979இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நாள்தோறும் கண்ணிற் படும் ஒரு பறவை குறைந்துவருவதை எண்ணிப் பார்த்தவர்களே அறிந்தனர்.

வடக்கில் போர்க்காலத்தில் பல இடங்களுக்கு மனிதரே போக முடியவில்லை. பறவைகளை யார் எண்ணுவது? அந்த இடைவெளியின் விலையை இப்போது உணர்கிறோம். மன்னாரில் 2020இல் 100 மெகாவாட் காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகளை அமைக்கும் திட்டத்துக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தாக்கலாயின. வலசைப் பறவைகளின் வழித்தடமும் அவ்வழக்குகளில் ஒரு பிரதான விடயம். மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்போர் முதலில் கையிற் கொள்ளவேண்டியது கணக்கையே. 'முன்பு நிறைய வந்தன' என்ற நினைவு எந்த மன்றிலும் சான்றாகாது.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு மணி நேரம் போதும். நாள், இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதுங்கள். கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் ஆய்வாளருக்கும் அது பயன்படும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழ்வோர் தத்தம் தோட்டத்துப் பறவைகளைப் பிள்ளைகளோடு எண்ணலாம். பெயர்களைத் தமிழிலும் சொல்லிக்கொடுங்கள். ஆறுமணிக் குருவி வராமற் போகும் நாளில், அது வரவில்லை என்பதைக் கவனிப்பதற்காவது நாலுபேர் இருக்க வேண்டும்.